கபருக்கு வாரிசு யார்?

1948 ஜூலை முதல் வாரத்தில் தில்லியில் ஒரு ஜனாஸா நடந்தது. கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்று இரண்டு வாரமே ஆகியிருந்த ராஜாஜி வந்திருந்தார். நேரு வந்திருந்தார், மௌலானா ஆசாத் வந்திருந்தார், ஷேக் அப்துல்லாவும் இருந்தார். காந்தி கொல்லப்பட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஊரில் அடுத்த பெரிய இழவு ஒரு முஸ்லிம் ராணுவ அதிகாரியுடையது. பிரிகேடியர் முகம்மது உஸ்மான், 50-ஆவது பாராசூட் பிரிகேடின் தளபதி. ஜூலை 3 மாலை ஜம்முப் பகுதியின் ஜாங்கரில் எதிரிப் பீரங்கிக்கு இரையானவர். இன்னும் பன்னிரண்டு நாள் இருந்திருந்தால் அவருக்கு 36 வயது முடிந்திருக்கும். 1947-48 காஷ்மீர்ப் போரில் இந்தியத் தரப்பில் மாண்ட அதிகாரிகளில் பதவியில் மூத்தவர் அவர்தான். முழு அரசு மரியாதையோடு ஓக்லாவில், ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் நிலத்தில் அடக்கம் செய்தார்கள். பின்னர் மகா வீர் சக்ரா என்ற விருது உருவானபோது அது அவருக்கு உரியதாயிற்று.

2020 டிசம்பர் கடைசியில் அதே கபர் சிதைந்து கிடப்பதாகச் செய்தி வந்தது, படங்களும் வந்தன. இரண்டு மூன்று நாள் எல்லோரும் கொதித்தார்கள். யாரோ வேண்டுமென்றே உடைத்தார்கள் என்றார்கள் சிலர், கவனிப்பாரற்றுப் போய்விட்டது என்றார்கள் சிலர். ராணுவம் தலையிட்டுச் சீர்செய்து கொடுத்தது. செய்தி அடங்கிவிட்டது.

யார் உடைத்தார்கள் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஒரு பளிங்குப் பலகை உடைவதற்கு எதிரி தேவையில்லை. வெயிலும் மழையும் ஒரு வேரும் போதும். எனக்கு உறுத்துவது வேறு. உடைந்த அன்றைக்கும் செய்தி வந்த அன்றைக்கும் நடுவில் ஒரு காலம் இருந்திருக்கும் அல்லவா? அது எவ்வளவு காலம் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. கவர்னர் ஜெனரலும் பிரதமரும் நின்று அடக்கிய மனிதரின் கபரை, மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து வா என்று யாருக்கும் வேலை கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

மையவாடிகளின் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதான். சுற்றுச்சுவரும் பாதையும் நிர்வாகத்தின் பொறுப்பு, தனித்தனி கபரைக் குடும்பத்தார் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண மனிதர்களுக்கு இது சரியான ஏற்பாடு. பேரன் காலம் வரை ஓடும், அப்புறம் மண்ணோடு மண்ணாகும், அதில் தப்பும் இல்லை. கல் எழுப்புவதையே அவ்வளவாக விரும்பாத மார்க்கம் அது. ஆனால் உஸ்மான் கல்யாணம் செய்துகொள்ளாதவர். சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்துவிட்டார் என்கிறார்கள். பிள்ளையில்லாத அந்த மனிதரை அரசு தன் பிள்ளை என்று சொல்லி எடுத்துப்போய் அடக்கியது. அப்படியென்றால் அந்தக் கபருக்கு வாரிசு யார்?

உஸ்மானைப் பற்றி எழுதப்படும் எதை எடுத்தாலும் இரண்டாம் பத்தியில் பாகிஸ்தான் வந்துவிடும். பிரிவினையின்போது அவர் இருந்த பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போயிற்று. அவர் போகவில்லை, டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றலானார். ஜின்னாவும் லியாகத் அலி கானும் அழைத்ததாகவும், எதிர்காலத்தில் தளபதிப் பதவியே கிடைக்கும் என்று ஆசை காட்டியதாகவும் சொல்வார்கள். அவர் தலைக்கு எதிர்த்தரப்பு 50,000 ரூபாய் விலை வைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். (இதோ, இந்தக் கட்டுரையிலும் பாகிஸ்தான் வந்துவிட்டது.) இந்தத் தகவல்களில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் எப்போதும் இதையே முதலில் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. அவர் போர்க்களத்தில் என்ன செய்தார் என்பதைவிட, அங்கே போகாமல் இருந்தார் என்பது நமக்குப் பெரிதாகிவிடுகிறது.

மேஜர் சோம்நாத் சர்மாவைப் பாருங்கள். அதே போரில், 1947 நவம்பர் 3-ஆம் தேதி, பட்காமில் இறந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் பரம் வீர் சக்ரா. அவரைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்வது ஹாக்கி ஆட்டத்தில் ஒடிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த கையை. ஒற்றைக் கையோடு தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்துக்கொண்டு அவர் ஓடியது நம் கண்முன் நிற்கிறது. அவர் ஏன் இந்தியாவுக்காகப் போரிட்டார் என்று யாரும் வியப்பதில்லை. சர்மாவுக்கு ஒரு கை கிடைத்தது, உஸ்மானுக்கு ஒரு மதம் கிடைத்தது. விசுவாசத்துக்கான சான்றிதழாக அவர் கபரை எடுத்துக் காட்டுகிறோம். காட்டுகிறவர் இரு தரப்பிலும் உண்டு. ‘பார், இப்படி இருக்க வேண்டும்’ என்று ஒரு தரப்பு முஸ்லிம்களிடம் நீட்டுகிறது. ‘பாருங்கள், நாங்களும் இருந்தோம்’ என்று இன்னொரு தரப்பு நாட்டிடம் நீட்டுகிறது. இரண்டாவதில் உள்ள வலி எனக்குப் புரிகிறது, முதலாவதில் உள்ள திமிர் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். சான்றிதழைத் தேவைப்படும்போது பெட்டியிலிருந்து எடுப்போம், வேலை முடிந்ததும் உள்ளே வைப்போம்.

மாவுக்கட்டுக்கு இணையாக உஸ்மானிடமும் ஒன்று இருக்கிறது: ஒரு கட்டில்.

ஜாங்கர் என்பது மீர்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் சாலைகள் கூடும் இடம். அது போனால் நௌஷேராவின் கழுத்து எதிரியின் கைக்குப் போகும். 1947 கிறிஸ்துமஸ் சமயத்தில் அது போய்விட்டது. திரும்பப் பிடிக்கும் வரை கட்டிலில் படுக்க மாட்டேன் என்று உஸ்மான் சொன்னார். ஜம்மு மலைப்பகுதியின் மார்கழி, தை குளிரில் பிரிகேட் தளபதி தரையில் பாய் போட்டுப் படுத்தார். நடுவில் பிப்ரவரி 6-ஆம் தேதி நௌஷேரா மீது பெருங்கூட்டமாக எதிரிகள் ஏறினார்கள். டைன் தார் முகட்டில் நாயக் ஜதுநாத் சிங் தன் சிறு குழுவை வைத்துக்கொண்டு மூன்று அலைகளைத் தாங்கிச் செத்தது அன்றுதான். அவருக்குப் பரம் வீர் சக்ரா. நௌஷேரா நிலைத்தது, உஸ்மானுக்கு ‘நௌஷேராவின் சிங்கம்’ என்று பெயர் வந்தது. அந்த ஊரின் அநாதைச் சிறுவர்களைச் சேர்த்து அவர் ஒரு பாலர் சேனை வைத்திருந்தார், அவர்களுக்குப் படிப்பும் பயிற்சியும் கொடுத்தார். சண்டை நடந்தபோது அந்தப் பிள்ளைகள் செய்தி கொண்டு ஓடினார்கள். மூவரை அரசு பின்னர் கௌரவித்தது. சிறுவர்களைப் போர்முனையில் ஓடவிட்டது சரியா என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

மார்ச் 18-ஆம் தேதி ஜாங்கர் திரும்பக் கிடைத்தது. இனி பிரிகேடியர் கட்டிலில் படுக்கலாம். ஆனால் தலைமையகத்தில் கட்டிலே இல்லை! பக்கத்துக் கிராமத்தில் ஒரு கட்டிலை இரவல் வாங்கி வந்து போட்டார்கள், அன்றிரவு அதில் படுத்தார். வீரக் கதைகளில் சபதம் முடிவதோடு கதை முடிந்துவிடும். இங்கே சபதத்துக்குப் பிறகு ஒரு கட்டிலுக்கு அலைய வேண்டியிருந்தது. இந்த மனிதரை எனக்கு நெருக்கமாக்குவது இந்த இரவல் கட்டில்தான்.

ஜாங்கர் தாக்குதலுக்கு முன் தன் படைக்கு அவர் விடுத்த ஆணையும் ஒரு வேடிக்கை. மெக்காலேயின் ரோமானியப் போர்ப் பாட்டிலிருந்து வரிகளை அதில் எடுத்தாண்டார். முன்னோர்களின் சாம்பலுக்காகவும் தெய்வங்களின் கோயில்களுக்காகவும் சாவதைப் பற்றிய பாட்டு அது. ஆஸம்கர் மாவட்டத்து பீபிபூரில் பிறந்து சாண்ட்ஹர்ஸ்டில் பயின்ற ஒரு முஸ்லிம், பெரும்பாலும் இந்துக்களும் சீக்கியர்களுமான படையிடம், நமக்கு ஆங்கிலக் கல்வியைச் சுமத்திய ஆசாமியின் பாட்டைச் சொல்லி, கடைசியில் ஜெய்ஹிந்த் போட்டிருக்கிறார். இதில் யார் தேசம், யார் அந்நியம் என்று பிரிக்க நினைப்பவருக்குத் தலை சுற்றும்.

ஜூலை 3 மாலை அவர் வழக்கமான கூட்டத்தை முடித்த நேரம், எதிரி குண்டு போடத் தொடங்கினான். எல்லோரும் பாறை ஒதுக்கில் ஒண்டினார்கள். நம் பீரங்கியின் குறியை மாற்ற வேண்டும் என்று பார்த்து அவர் வெளியே வந்தார். நடுவே சிக்னல்காரர்களிடம் ஏதோ பேச ஒரு நொடி நின்றதாக எழுதியிருக்கிறார்கள். அருகே பாறையில் 25 பவுண்டர் குண்டு விழுந்து சிதறியது. ஜாங்கரில் ராணுவம் நினைவிடம் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் மலர்வளையம் வைக்கிறார்கள். அது எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய இடம். ராணுவத்தின் கண் எப்போதும் அதன் மேல் இருக்கும். உடல் இருப்பதோ தில்லியில், எல்லோரும் போகக்கூடிய இடத்தில். பாழானது அதுதான்.

ஏன் ஜாமியா? தேசத்துக்கு எதிரான படிப்பு வேண்டாம் என்று அரசுக் கல்லூரிகளைவிட்டு வெளியேறியவர்கள் 1920-ல் அலிகரில் தொடங்கி, பிறகு தில்லிக்கு மாற்றிய நிறுவனம் அது. இரு தேசக் கொள்கையை ஏற்காத முஸ்லிம்களின் கூடாரம். 1947 கலவரத்தில் கரோல் பாகில் இருந்த அவர்களுடைய புத்தகக் கிடங்கு எரிக்கப்பட்டது. அதன் துணைவேந்தர் ஜாகிர் உசேன் ஜலந்தர் ரயில் நிலையத்தில் கொலையிலிருந்து மயிரிழையில் தப்பினார். அடுத்த ஆண்டே உஸ்மானை அங்கே கொண்டுவந்து அடக்கியதற்கு அர்த்தம் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில்தான் 2019 டிசம்பரில் காவல்துறை நூலகம் வரை புகுந்து மாணவர்களை அடித்தது. சான்றிதழ் பக்கத்திலேயே புதைந்திருந்தும் அன்றைக்கு உதவவில்லை.

‘அக்னி நதி’ வழியாகத் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த குர்அதுல்ஐன் ஹைதரும் ஜாமியாவின் மையவாடியில்தான் அடக்கமாகியிருக்கிறார். அவர் பிரிவினையின்போது பாகிஸ்தான் போனவர், பிறகு இந்தியாவுக்கே திரும்பிவிட்டவர். போகாதவர் ஒருவர், போய்த் திரும்பியவர் ஒருவர். இருவருக்கும் ஒரே மண். நாவலாசிரியரைப் பற்றிப் பேசும்போதும் அவர் ஏன் திரும்பினார் என்ற கேள்வியில்தான் பலர் நிற்கிறார்கள். நாவலில் இரண்டாயிரம் ஆண்டுகளை அவர் எப்படிக் கையாண்டார் என்பது பின்னால்தான் வரும்.

சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட்–பூந்தமல்லி சாலையில், ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்கள் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள். தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களின் கல்லறைகளில் சிதறிக் கிடந்தவர்களை 1952-ல் ஒன்றுசேர்த்த இடம். புல் வெட்டப்பட்டிருக்கும், எழுத்துகள் வாசிக்கும்படி இருக்கும், கற்கள் ஒரே அளவில் ஒரே வரிசையில் நிற்கும். 1917-ல் தொடங்கிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதைப் பார்த்துக்கொள்கிறது. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு, பணம் கட்டுகிறது. அந்த ஆணையத்தின் கணக்கு 1947 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. உஸ்மான் இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இருந்தவர். அங்கே ஒரு ஜப்பானியக் குண்டு அவரைக் கொண்டுபோயிருந்தால், சாம்ராஜ்யத்தின் சிப்பாயாக, என்றைக்கும் தோட்டக்காரர் உள்ள ஒரு கல்லறையில் படுத்திருப்பார். சொந்த நாட்டுக்காக ஆறு மாதம் தாமதித்து இறந்ததில் அந்தத் தோட்டக்காரரை இழந்தார்.

ஆணையத்தையும் ரொம்பப் புகழ வேண்டாம். முதல் உலகப் போரில் ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று 2021-ல் அதுவே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆனால் ஒன்றை அவர்கள் முதல் நாளே கண்டுகொண்டார்கள். கல்லறையைக் குடும்பத்திடம் விட்டால் பணக்காரன் பளிங்கு எழுப்புவான், ஏழை மரச்சிலுவையோடு நிற்பான், ஐம்பது வருடத்தில் இரண்டும் போய்விடும். அதனால் விக்டோரியா சிலுவை வாங்கியவருக்கும் முதல் வாரம் செத்த கூலிச் சிப்பாய்க்கும் கல் ஒரே அளவு. விருதின் உருவம் மட்டும் கல்லில் பொறித்திருக்கும். பராமரிப்புச் செலவுக்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன.

நம்மிடம் அப்படி ஓர் ஏற்பாடு உருவாகாததற்குக் காரணம் எளிது. நம் படையில் இறப்பவர்களில் பெரும்பாலோர் தகனம் செய்யப்படுகிறார்கள். கல்லறை என்ற பிரச்சினை முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் மட்டும்தான் மிஞ்சுகிறது. கார்கிலில் இறந்து மகா வீர் சக்ரா பெற்ற கெங்குரூசே கோஹிமாவுக்கு அருகில் தன் சொந்த ஊரில் இருக்கிறார். ஊர் பார்த்துக்கொள்ளும், கவலையில்லை. ஊரைவிட்டுத் தூரத்தில் விழுந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

ஆல்பர்ட் எக்கா அப்படி விழுந்தவர். ஜார்கண்டின் கும்லா மாவட்டத்து ஜாரி கிராமத்து ஆதிவாசிக் கிறிஸ்தவர். 1971 டிசம்பர் 3-ஆம் தேதி கங்காசாகர் சண்டையில் பதுங்குகுழியாகப் பதுங்குகுழியாக ஏறி எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை அடக்கிவிட்டு இறந்தார். பரம் வீர் சக்ரா. அகர்தலாவுக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் மனைவி அந்தக் கல்லறையைக் காணாமலே ஜாரியில் இருந்தார். 2015 டிசம்பரில் மாநில அரசு விழா எடுத்து, இதோ கல்லறை மண் என்று ஒரு கலசத்தை நீட்டியது. குடும்பம் அதை ஏற்கத் தயங்கியது. இது அவருடைய கல்லறை மண்தானா என்று கேட்டது. பிறகு குடும்பத்தார் சேர்ந்த ஒரு குழுவே திரிபுரா போய், இடத்தைக் கண்டு, 2016 ஜனவரியில் மண் எடுத்து வந்தது. அரசு மரியாதையை மேடையில் வைத்து அந்த மூதாட்டியின் வீடு சந்தேகப்பட்டதே, அந்தத் துணிச்சலுக்கு என்ன பதக்கம் கொடுப்பது?

ஹவில்தார் அப்துல் ஹமீதும் சொந்த ஊரில் இல்லை. 1965 செப்டம்பர் 10-ஆம் தேதி ஜீப்பில் ஏற்றிய பீரங்கியோடு பாட்டன் டாங்கிகளை எதிர்த்து இறந்த பஞ்சாபின் அஸல் உத்தரிலேயே அவரைப் புதைத்தார்கள். அங்கே நினைவிடம் நன்றாகவே இருக்கிறது, அவருடைய கிரெனேடியர் ரெஜிமெண்ட் மறக்கவில்லை. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் அவர் ஊரான தாமுபூரில் அவர் பெயர் தாங்கிய பள்ளியின் முகப்பில் 2025 பிப்ரவரியில் அந்தப் பெயர் மேல் வண்ணம் அடித்து ஒரு திட்டத்தின் பெயரை எழுதினார்கள். குடும்பம் முறையிட, பத்திரிகைகள் எழுத, பெயர் திரும்ப வந்தது. இங்கேயும் அவர் பெயரைக் காப்பாற்ற முன்னால் வந்து நின்றது குடும்பம்தான்.

எனக்குக் கோபம் பல்கலைக்கழகத்தின் மீதோ ராணுவத்தின் மீதோ இல்லை. செய்தி வந்ததும் ராணுவம் செய்தது நல்ல காரியம். ஆனால் செய்தி வந்தபின் செய்வதற்குப் பெயர் பராமரிப்பு ஆகாது. தில்லியில் தேசியப் போர் நினைவிடம் 2019-ல் திறந்தது. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் கிரானைட்டில் வெட்டப்பட்டு, சுடரும் காவலுமாக இருக்கிறது. அதற்குச் செலவழித்ததில் ஒரு சிறு துளி போதும்: வீர விருது பெற்று அடக்கமானவர்களின் கல்லறைகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும், ஒவ்வொன்றையும் பக்கத்திலுள்ள ராணுவ நிலையத்தின் வழக்கமான வேலைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இறந்தவரின் ரெஜிமெண்ட் வாரிசாகக் கையெழுத்திட வேண்டும். குடும்பத்தார் விரும்பினால் மட்டும், மார்க்கத்துக்கு ஒவ்வாத ஆடம்பரம் எதுவும் இல்லாமல். களை பிடுங்குவதும் எழுத்துக்கு மை தீட்டுவதும் வருடத்துக்கு எவ்வளவு ஆகிவிடும்?

அந்த ஏற்பாடு வரும் வரை, தில்லி போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மெட்ரோவில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்றே ஒரு நிலையம் இருக்கிறது, இறங்கிக் கேட்டால் மையவாடிக்கு வழி சொல்வார்கள். ஜூலை 3-ஆம் தேதி போகாதீர்கள். அன்றைக்கு மலர்வளையக்காரர்கள் வருவார்கள், எல்லாம் சுத்தமாகத்தான் இருக்கும். வேறு எந்த நாளிலாவது போய்ப் பாருங்கள். பலகை விரிசல் விட்டிருந்தால் ஒரு படம் எடுத்துப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு எழுதிப் போடுங்கள்.